பாடகர் இல்லாத பாட்டுக்கு ஒரு ஸ்டீரியோ செட்: உப்பு அரித்த ஆம்ப்ளிஃபையரை மண்டபத்தில் எழுப்பிய கதை

ஒரு பக்க ஸ்பீக்கர் செத்துக் கிடந்தும் என் மாமா வீட்டில் பல வருடம் யாருக்கும் தெரியவில்லை. ஓடியதெல்லாம் சினிமாப் பாட்டு. குரல் நடுவில் நிற்கும், இடது வலது இரண்டிலும் ஒரே அளவில் பதிந்திருக்கும். ஒரு பக்கம் போனாலும் பாட்டு முழுசாக இருப்பது போலவே கேட்கும். பின்னணியில் ஒரு வயலின் குறைந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? அதே செட்டில் என் போனைச் செருகி ரட்டாட்டாட் போட்டேன். அரை நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டது. மெட்டில் பாதியைக் காணோம்.

ரட்டாட்டாட் தெரியாதவர்களுக்கு: நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த இரண்டே பேர். மைக் ஸ்ட்ரௌட் கிட்டார். இவான் மாஸ்ட் பேஸ், சிந்தசைசர், தாளம், பதிவு வேலை. 2004இல் முதல் ஆல்பம், 2015இல் ஐந்தாவது. பாடகர் கிடையாது. கம்ப்யூட்டரில் கட்டிய தாளத்தின் மேல், கொஞ்சம் கரகரப்பு ஏற்றிய கிட்டாரை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாசிப்பார்கள். ஒரு கிட்டார் மெட்டைப் பிடித்தால், இன்னொன்று இரண்டு சுரம் மேலே தள்ளி நின்று கூடவே நடக்கும். அவர்களுடைய எந்த ஆல்பத்தை எடுத்தாலும் பத்து விநாடியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்தத் தனி ஒலி வருவது இந்தக் கிட்டார் அடுக்கிலிருந்துதான்.

வரி இல்லாத பாட்டில் ஒலியே சங்கதி. வரி இருந்தால் மோசமான ஸ்பீக்கரிலும் வரி புரிந்துவிடும், மனசு மீதியை நிரப்பிக்கொள்ளும். இங்கே நிரப்ப ஒன்றும் இல்லை. செட் எதைக் கொடுக்கவில்லையோ அது இல்லாமலே போகிறது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான், இடையில் ஈயமும் உப்பும் வரும்.

செட் கீழக்கரையில் இருந்தது. மாமா துபாயில் இருந்தபோது கப்பலில் போட்டு அனுப்பியது. கனமான ஆம்ப்ளிஃபையர், எட்டு அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) வைத்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. கடலைப் பார்த்த மாடி அறையில் ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். அந்த ஜன்னலை வாடைக்காற்று மாதங்களில்கூட அவர்கள் சாத்தி நான் பார்த்ததில்லை. "உனக்கு வேணும்னா தூக்கிட்டுப் போ மச்சான், இல்லன்னா பழைய இரும்புக்குத்தான்" என்றான் மாமா மகன். வேனில் ஏற்றி என் ஊரான மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எனக்குத் தொழில் படகுகளின் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் பார்ப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் ஏறி மராமத்து நடக்கும். என் வேலை தடைக்காலத்தின் பின்பாதியில்தான் குவியும், முதல் பாதி ஓய்வு. இந்த வேலைக்கு அந்த ஓய்வு போதுமானதாக இருந்தது.

உப்பு முதலில்

மேல் மூடியைக் கழற்றியதும் தெரிந்தது தூசியில்லை, ஒரு பிசுபிசுப்பு. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பிசுபிசுப்பு பழக்கம். ஜன்னல் கம்பியில், சைக்கிள் ஹேண்டில்பாரில் கையை வைத்தால் ஒட்டும். காற்றோடு வரும் உப்புத் துளி உலர்ந்து படிகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 33 சதவீதத்திலேயே ஆரம்பித்துவிடும். மண்டபத்தில், பாம்பனில் காற்று 33 சதவீதத்துக்குக் கீழே வறண்ட நாள் எது? ஆக போர்டின் மேல் எப்போதும் மெல்லிய உப்புத் தண்ணீர் படலம் இருக்கிறது. அதில் கரண்டும் ஓடினால் செம்பு பச்சையாகிக் கரைய வேறொன்றும் வேண்டாம்.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரிப்பு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். இரும்புப் பாலத்துக்கே அந்தக் கதி என்றால் ஒரு மில்லிமீட்டர் அகல செம்புத் தடம் எம்மாத்திரம்.

இங்கே பலர் செய்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போர்டு அழுக்கு என்றால் நேராக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாட்டிலை எடுப்பார்கள். எண்ணெய்க்கும், பற்றவைக்கத் தடவும் ஃபிளக்ஸ் பிசுக்குக்கும் அது சரி. உப்பு அதில் கரையவே கரையாது என்று சொல்லலாம். துடைத்தால் உப்பு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகரும், அவ்வளவுதான். உப்புக்கு மருந்து தண்ணீர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, வால்யூம் கண்ட்ரோல்களைக் கழற்றி எடுத்துவிட்டு, போர்டை மட்டும் மென்மையான பெயிண்ட் பிரஷால் கழுவ வேண்டும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, எங்கள் ஊர் குழாய்த் தண்ணீரிலேயே உப்பு. அதற்குப் பிறகு ஆல்கஹால் ஊற்றினால் தங்கியிருக்கும் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். பிறகு வெயில். மண்டபத்து வெயிலுக்குக் குறைச்சலில்லை.

கழுவிய பிறகுதான் உண்மையான சேதம் தெரிந்தது. மூன்று இடத்தில் தடம் அறுந்திருந்தது. பல ஈயப் பற்றுகள் சாம்பல் பூத்து, காலைச் சுற்றி வட்டமாக விரிசல். எல்லாவற்றையும் ஃபிளக்ஸ் தடவிப் புதிதாகப் பற்றவைத்தேன். அறுந்த தடங்களுக்கு மெல்லிய வயரால் பாலம்.

ஆம்ப்ளிஃபையர்

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது நேராக பிளக்கில் செருகாதீர்கள். சீரிஸ் பல்பு கட்டுங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டால், உள்ளே எங்காவது ஷார்ட் இருக்கும்போது பல்பு பிரகாசமாக எரியும், செட் பிழைக்கும். சரியாக இருந்தால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எனக்கு மின்னி மங்கியது. உள்ளே ஒலியைப் பெருக்குவது எஸ்டிகே வகை ஐசி, அது உயிரோடு இருந்தது பெரிய நிம்மதி. அசல் எஸ்டிகே இப்போது கிடைப்பது அரிது, சந்தையில் போலி நிறைய. அது போயிருந்தால் உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு டிடிஏ 7294 போர்டு இரண்டு வைத்திருப்பேன். நல்ல ஐசிதான், ஆனால் அப்புறம் அது வேறு செட்.

இடது சேனல் ஏன் ஊமை? இன்புட் பின்னின் நடுவில் விரலை வைத்தால் 'உம்ம்' என்று சத்தம் வர வேண்டும். வலதில் வந்தது, இடதில் இல்லை. ஐசியின் அவுட்புட் காலில் பார்த்தால் இரண்டிலும் சிக்னல் இருக்கிறது. அதற்கு அப்புறம் ஸ்பீக்கர் ரிலே. செட்டை ஆன் செய்ததும் சில விநாடி கழித்து 'டக்' என்று சேருமே, அதுதான். ரிலே மூடியைத் திறந்தால் இடது காண்டாக்ட் கரி பிடித்தது போல் கருப்பு. நோட்டுத் தாள் கீற்றில் ஸ்பிரிட் நனைத்து இடையில் விட்டு இழுத்ததும் சத்தம் வந்தது. இது தற்காலிகம்தான். அதே கால் அமைப்பில் 24 வோல்ட் ரிலே புதிதாக வாங்கிப் போட்டேன். எமரித் தாள், உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் ஆட்கள் உண்டு. மேல் பூச்சு போய், பிறகு இன்னும் வேகமாகக் கெடும்.

அடுத்தது உறுமல். பவர் சப்ளையில் 4700 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) 50 வோல்ட் கண்டன்சர் இரண்டு, இரண்டின் தலையும் உப்பியிருந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் டையோடு தாண்டியதும் அது 100 ஹெர்ட்ஸ் அலையாக வரும், கண்டன்சர் வயதானால் அது அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். சினிமாப் பாட்டில் குரலுக்கு அடியில் இந்த உறுமல் ஒளிந்துகொள்ளும். மின்னணு இசையில் சிந்தசைசர் பேஸ் நடமாடும் இடமே அதைச் சுற்றித்தான். பேஸ் சுரம் மாறும்போது உறுமல் அதோடு மோதி அலை அலையாக ஏறி இறங்குவது கேட்கும். சுருதிப் பெட்டி தவறான சுருதியில் ஓடினால் வாய்ப்பாட்டுக்காரருக்கு எப்படியோ அப்படி. கண்டன்சரைத் தொடுமுன் அதில் தங்கிய சார்ஜை 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் வைத்து வடித்துவிடுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்கிறவர்களை நான் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

வால்யூம், பேலன்ஸ், டோன் கண்ட்ரோல்கள் நான்கும் திருப்பினால் கரகர. காண்டாக்ட் கிளீனர் அடித்ததில் இரண்டு பிழைத்தன. வால்யூம் பிழைக்கவில்லை. வாங்கும்போது 50 கே ஸ்டீரியோ என்று கேட்டால் மட்டும் போதாது, லாக் வகை என்று கேளுங்கள். லீனியர் போட்டால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறி, அப்புறம் முழுத் திருப்பும் சும்மா கிடக்கும்.

ஸ்பீக்கர் ஒயரைச் சொல்லாமல் விட முடியாது. மேல் உறை பளபளவென்று இருந்தது. உரித்தால் உள்ளே செம்பு கருப்பு. இன்னும் ஒரு அடி வெட்டினேன், கருப்பு. இன்னும் ஒரு அடி. உப்பு ஈரம் உறைக்குள் நூல்களுக்கு நடுவே ஊர்ந்து போயிருக்கிறது. கருத்த செம்பில் ஈயம் ஒட்டாது. முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு, படகு வேலைக்கு வைத்திருக்கும் ஈயம் பூசிய செம்பு ஒயரில் 1.5 ஸ்கொயர் எம்எம் எடுத்துப் போட்டேன். கடலோரத்தில் ஸ்பீக்கர் ஒயருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. தங்க நிறத்தில் பளபளக்கும் விலை உயர்ந்த ஒயர் விற்கிறார்கள். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல ரிலே வாங்கலாம்.

ஊஃபர்

கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் விரல் பட்டதும் உதிர்ந்தது. பாலியூரிதேன் ஃபோமை ஈரமே வேதியியலாக உடைக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது கெடும். வளையம் இல்லாத ஊஃபரை ஓட்டினால், கூம்போடு சேர்ந்து அசையும் கம்பிச் சுருளான காயில் (coil) கோணலாகி உரசி எரியும். ஆகவே செட் வந்த முதல் நாள் சின்ன சத்தத்தில் சோதித்ததோடு நிறுத்தியிருந்தேன்.

ஃபோமுக்குப் பதில் ரப்பர் வளையம் தேர்ந்தெடுத்தேன். ரப்பர் கனம், ஸ்பீக்கரின் சத்தம் கொஞ்சம் குறையும், கூம்பின் இயல்பான அதிர்வெண்ணும் சற்று மாறும். ஆனால் பாம்பன் காற்றில் ஃபோம் எத்தனை காலம் நிற்கும் என்று யோசித்தால் பேரம் லாபம்தான். பழைய பசையை மழுங்கிய கத்தியால் சுரண்டுவதுதான் இந்த வேலையில் பாதி. அவசரப்பட்டால் காகிதக் கூம்பு கிழியும்.

வளையம் ஒட்டும்போது காயில் காந்த இடுக்கின் சரியான நடுவில் நிற்க வேண்டும். அதற்கு நடுவிலுள்ள தூசி மூடியை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் கீற்றுகள் செருக வேண்டும். கீற்றுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். தடிமன் சரியாக இருக்கும், வழுவழுப்பு, சுருங்காது. எந்த வீட்டிலும் பீரோ மேலே ஒரு உறையில் யாருடைய முட்டியாவது இருக்கும். நான்கு கீற்றைச் சுற்றிலும் செருகி, ரப்பர் பசை தடவி ஒட்டி, ஒரு இரவு விட்டு, காலையில் கீற்றை உருவினால் காயில் நடுவில் நிற்கும்.

வலது ஊஃபர் அப்படியும் உரசியது. போனில் 30 ஹெர்ட்ஸ் டோன் விட்டால் சுத்தமான ஊஃபர் சத்தமில்லாமல் முன்னும் பின்னும் போக வேண்டும். இது மணலை அரைத்தது. காந்தத்தின் இரும்புத் தட்டு துருப்பிடித்து, துருச் செதில் இடுக்கில் விழுந்திருக்கிறது. காந்தம் அதை விடாது, ஊதினாலும் வராது. காகித டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி மடித்து இடுக்கில் சுற்றிச் சுற்றி விட்டு எடுத்தேன். டேப்பில் பழுப்புத் தூள் வந்துகொண்டே இருந்தது, வராத வரை விடவில்லை. பிறகு தூசி மூடியை ஒட்டினேன்.

பெட்டி

பழைய பெட்டி மரத்தூள் பலகை. அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்பி, மூலை விட்டு, திருகு பிடிக்கவில்லை. பேஸ் வெளிவரும் அட்டைக் குழாய் நமுத்துச் சுருண்டிருந்தது. சரிசெய்வதில் அர்த்தமில்லை, புதுப் பெட்டி.

பலகை 19 மி.மீ. மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்கியது. உள் அளவு பழையதையே வைத்தேன்: 24 × 26 × 45 செ.மீ., சுமார் 28 லிட்டர். ஊஃபரும் பெட்டியும் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டுச் செய்தவை, அளவைக் கைபோன போக்கில் மாற்றினால் பேஸ் கெடும். குழாய்க்கு 75 மி.மீ. பிவிசி பைப், உள்விட்டம் ஏழு செ.மீ.க்குப் பக்கம், நீளம் 15 செ.மீ. இந்த அளவுக்குப் பெட்டி 45 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலிக்கும். ஒரு 8 × 4 ஷீட்டில் இரண்டு பெட்டியும் போக ஒரு அலமாரித் தட்டுக்கு மிச்சம்.

பிளைவுட் தண்ணீர் குடிப்பது வெட்டிய ஓரத்தில்தான். அதற்கு ஃபைபர் படகு வேலை பார்க்கும் அண்ணனிடம் போனேன். தடைக்காலத்தில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை, ஆனாலும் ஒரு வத்தைப் படகுக்குக் கலக்கிய ரெசினில் மிச்சத்தை எனக்குப் பூசிக் கொடுத்தார். ஓரங்களில் மெல்லிய ஃபைபர் மேட், அதன் மேல் ரெசின், கடைசியில் ஜெல்கோட். நிறம் அவர் முடிவு, படகு நீலம். பக்கத்தில் ஐஸ் பெட்டித் தெர்மோகோல் இருந்தால் தள்ளி வையுங்கள். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டால் தெர்மோகோல் கரைந்து ஓட்டை விழும்.

பெட்டி வேலை முடிந்த பிறகு அவரே வீட்டுக்கு வந்து சத்தம் கேட்டுப் பார்த்தார். ரட்டாட்டாட் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தவர், "என்ன தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

"இதான் பாட்டுண்ணே."

"பாடுறவன் இல்லாமலா?"

"கோயில்ல நாயனம் வாசிக்கிறப்ப யாருண்ணே பாடுறாங்க?"

அது அவருக்கு ஏற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டவர், "ரெண்டு நாயனம் சேந்து வாசிக்கிற மாதிரிதான் இருக்கு. ஆனா இவன் மேல போறான், அவன் கீழயே வர்றான். நம்மாளுக ஒண்ணாத்தான போவாக" என்றார். இசை படித்தவர் சொல்லியிருந்தாலும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. நம் நாகசுர ஜோடி ஒரே மெட்டை ஒரே சுரத்தில் இழைத்து வாசிக்கும். இங்கே இரண்டு கிட்டாரும் எப்போதும் ஒரு இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன.

பிளஸ் மைனஸ்

இரண்டு ஸ்பீக்கரும் பாடினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால், ஒரு கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும். பேஸ் ஒன்றையொன்று அடித்துவிடும், நடுவில் நிற்க வேண்டிய ஒலி அறை முழுக்கச் சிதறும். முனையில் சிவப்பு அடையாளம் அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரி செல்லை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே துள்ளினால் செல்லின் பிளஸ் பட்ட முனை ஸ்பீக்கரின் பிளஸ். அதிக நேரம் வைக்க வேண்டாம்.

இன்னும் ஒரு சோதனை. போன் அமைப்பில், இரண்டு பக்கமும் ஒரே ஒலியை விடும் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு இரண்டு ஸ்பீக்கரையும் முகத்தோடு முகம் ஒட்ட வையுங்கள். பேஸ் காணாமல் போனால் ஒன்று தலைகீழ். பிறகு மோனோவை அணைத்து, ஸ்பீக்கரை விலக்கி வைத்து, அதே இடத்தை ஸ்டீரியோவில் கேளுங்கள். கிட்டார் அடுக்கு நடுவில் ஒரு கட்டியாக இருந்தது, பக்கவாட்டில் பிரிந்து விரியும். போன் இயர்போனில் எனக்குப் பழக்கமான அந்த விரிவு முதல் முறையாக அறைக்குள் வந்தது.

சோதனைக்கு வேறு இரண்டு ஆல்பமும் வைத்துக்கொண்டேன். ஜெர்மனியின் 'நோய்!' (Neu!) என்ற இசைக்குழு 1972இல் வெளியிட்ட முதல் ஆல்பம்: கிளவுஸ் டிங்கரின் டிரம், மைக்கேல் ரோதரின் கிட்டார். தொடக்கப் பாடல் பத்து நிமிஷம், தாளம் ஏறக்குறைய மாறாமல் நேராக ஓடும். ரிலேயிலோ இணைப்பிலோ நொடிப்பொழுது விடுதல் இருந்தால் மாறிக்கொண்டே இருக்கும் பாட்டில் தெரியாது, இதில் சட்டென்று காது பிடிக்கும். பேலன்ஸ் குமிழில் ஒளிந்திருந்த ஒரு விடுதலை அப்படித்தான் கண்டுபிடித்தேன். இன்னொன்று டேன்ஜரின் டிரீம் 1974இல் வெளியிட்ட ஃபீட்ரா. அதில் சுருதி மெல்ல நழுவுகிற இடம் உண்டு. செட்டைச் சந்தேகிக்க வேண்டாம், அந்தக் கால மூக் சிந்தசைசர் சூடேறச் சூடேற ஆசிலேட்டர் சுருதி நகர்ந்தது, அது பதிவிலேயே இருக்கிறது. சூட்டோடு மல்லுக்கட்டிய எலெக்ட்ரானிக்ஸ் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பாசம்.

ஈக்வலைசரை நேராக வைத்துவிட்டேன். பேஸும் டிரபிளும் தூக்கி, நடுவைப் பள்ளமாக்குவது நம் வீட்டுச் செட்டுகளில் வழக்கம். கிட்டாரின் உடம்பு இருப்பது அந்தப் பள்ளத்தில்தான். இந்த இசைக்கு அந்த அமைப்பு கொலை.

அறை: டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், கைதட்டினால் 'டிங்' என்று எதிரொலி. பழைய வலையைச் சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி குறையும் என்று ஒருவர் சொன்னார். பார்க்க அழகு, ஒலிக்கு ஒன்றும் செய்யாது, நைலான் நூலும் காற்றும்தான். இலவம்பஞ்சு மெத்தையை மடித்து எதிர்ச் சுவரில் சாய்த்ததும் எதிரொலி அடங்கியது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்ததில் பேஸ் குமுறல் போனது.

இனி உப்பு வராமல்

போர்டின் மேல் அக்ரிலிக் பாதுகாப்பு லாக்கர் ஸ்பிரே அடித்தேன். கழுவாமல் அடித்தால் உப்பை உள்ளே பூட்டிவைப்பதாக ஆகும், கவனம். ரிலே, கண்ட்ரோல், இணைப்பு முனைகள், ஹீட் சிங்க் ஒட்டும் இடம் எல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும்.

இன்னொரு ஏற்பாடு பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் வழி: அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு. காற்றிலுள்ள தண்ணீர் அப்படியே இருந்தாலும், சூடு கொஞ்சம் ஏறினால் ஈரப்பதச் சதவீதம் இறங்கும். 30 டிகிரியில் 80 சதவீதம் இருக்கும் காற்றை 35 டிகிரிக்கு ஏற்றினால் சுமார் 60 சதவீதம். சோடியம் குளோரைடின் 75க்குக் கீழே வந்துவிட்டோம். மக்னீசியம் குளோரைடை இது நிறுத்தாது, அதற்குத்தான் கழுவலும் லாக்கரும். பழைய இழை பல்பாக இருக்க வேண்டும். எல்இடி ஜீரோ வாட் சூடே தராது. பெயர்தான் ஜீரோ வாட், அந்த இழை பல்பு பத்து பதினைந்து வாட் இழுக்கும். ஒயர் இணைப்புகளைத் துணி, காகிதம் படாமல் வையுங்கள்.

போன் சார்ஜில் இருக்கும்போது ஒரு மெல்லிய கீச்சு வருகிறது. சார்ஜரை உருவினால் போய்விடுகிறது. அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க மனமில்லை.

மிச்சம் ட்வீட்டர், உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர். பழைய 4.7 எம்எஃப்டி பைபோலார் கண்டன்சர் காய்ந்து ட்வீட்டர் மங்கிக் கிடந்தது. அதே மதிப்பில் ஃபிலிம் கண்டன்சர் போட்டதும் எட்டு ஓம் ட்வீட்டருக்கு 4,200 ஹெர்ட்ஸ் வாக்கில் பிரிப்பு (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் ட்வீட்டருக்கு விடும் எல்லை) சரியாக வந்தது. ஆனால் ஊஃபர் ரப்பர் வளையத்தால் கொஞ்சம் அடங்கியிருப்பதால் மேல் பக்கம் தூக்கலாகக் கேட்கிறது. கரகரப்பு ஏற்றிய கிட்டார் காதைக் கீறுகிறது. 2.2 ஓம் தொடரில் போட்டதில் கீறல் போனது, கூடவே சிம்பலும் மங்கியது. தொடரில் ஓம் கூடினால் பிரிப்பும் 3,300க்கு இறங்கிவிடும். 1.5 ஓம் 5 வாட்டும் 3.9 எம்எஃப்டியும் சேர்ந்தால் 4,300 பக்கம் வரும். அந்த மதிப்பு ராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை, மதுரைக்குப் போகிறவரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை பின்பலகையை நான்கு திருகில் மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.